‘ஃப்ரிஜிட்’ என்றொரு சொல்

1985 நவம்பர். ரீகனும் கோர்பசேவும் ஜெனீவாவில் முதல் முறையாகச் சந்தித்த வாரம். ஒரு தமிழ் நாளிதழில் நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இரவுப் பணி. டெலிபிரிண்டர் கடகடவென்று அடித்துத் தள்ளும் ஆங்கிலச் செய்திகளைக் கிழித்து மேசையில் போட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் அவற்றைத் தமிழாக்கி அச்சுக்கோப்புக்கு அனுப்ப வேண்டும். அன்று வந்த செய்தியில் ‘ஃப்ரிஜிட்’ என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. ஜெனீவா ஏரிக்காற்று ஃப்ரிஜிட். 1979 கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததிலிருந்து இரு வல்லரசுகளின் உறவும் ஃப்ரிஜிட். முதலாவதற்குக் ‘கடுங்குளிர்’ என்று எழுதினேன். இரண்டாவதற்குக் ‘குளிர்ந்த உறவு’ என்று எழுதினேன்.

செய்தி ஆசிரியர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது அவருக்கு. என் தாளைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“தம்பி, பொண்ணைக் கட்டிக் கொடுத்தவர் சம்பந்தி வீட்டுக்குப் போய்ட்டு வந்து, மனசு குளிர்ந்துபோச்சுன்னு சொன்னா என்ன அர்த்தம்?”

“சந்தோஷமா இருக்கார்னு அர்த்தம், சார்.”

“அப்போ இவங்க ரெண்டு பேரும் இத்தனை வருஷமாச் சந்தோஷமா இருந்தாங்களா?”

‘கசந்த உறவு’ என்று திருத்தினார். அன்றைய படத்தில் ரீகன் மேலங்கி இல்லாமல் வாசலில் நிற்க, கோர்பசேவ் கனத்த மேலங்கியும் தொப்பியுமாய் வந்து கைகொடுத்துக்கொண்டிருந்தார். “குளிரைப் படத்துக்குக் கீழே போடு. கசப்பைச் செய்தியில போடு” என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்துக்கொண்டார்.

நான் மொழிபெயர்ப்பாளன் ஆனது அந்த இரவில்தான். அதற்குப் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்: நாளிதழ், அகராதி வேலை, பாடநூல், மருத்துவக் கையேடு, நாவல், இப்போது படங்களுக்கு வசன வரி. எந்த வேலைக்குப் போனாலும் இந்த ஃப்ரிஜிட்டும் அதன் உறவுக்காரச் சொற்களும் என்னைத் தேடிக்கொண்டு வந்தன. ஒவ்வொரு முறையும் வேறொரு தமிழ்ச் சொல்லைக் கேட்டன.

வெயில் காயும் ஊர்க்காரர்கள் நாம். ஆகவே நமக்கு நல்லதெல்லாம் குளிர்ச்சி. கண் குளிரப் பார்க்கிறோம், காது குளிரக் கேட்கிறோம், வயிறு குளிரச் சாப்பிடுகிறோம். மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்து, கூழ் ஊற்றி அவளைக் குளிர்விக்கிறோம். மட்டக்களப்புப் பக்கம் கண்ணகியம்மன் கோயில்களில் நடக்கும் சடங்குக்கே குளிர்த்தி என்று பெயர். விளக்கை அணை என்று சொல்லக் கூடாதென்று, குளிர வை என்பார் என் பாட்டி. கருணைக்குத் தண்ணளி என்று பெயர் வைத்த மொழி இது. குடிக்கிற நீரைத் தண்ணீர் என்று சொல்லிச் சொல்லி, அதில் இருக்கும் ‘தண்’ நமக்குக் கேட்காமலே போய்விட்டது. அதனால்தான் சுடுதண்ணீர் என்று தயங்காமல் சொல்கிறோம். ஒருவரைப் புகழ்ந்து காரியம் சாதிப்பதையும் ஐஸ் வைப்பது என்றுதான் சொல்கிறோம். அவரும் உச்சி குளிர்ந்துபோகிறார்.

கெட்டதெல்லாம் சூடு. வயிறு எரிகிறது, மனம் வேகிறது, கோபம் கொதிக்கிறது. நடுநிலைக்குப் பழைய உரைகாரர்கள் சொன்ன தொடர் காய்தல் உவத்தல் இல்லாமை. அதில் காய்தல் என்பது வெறுப்பு.

இங்கிலாந்துக்காரனுக்கு இது தலைகீழ். அவன் வீட்டுக்குள் அடுப்பு மூட்டி உயிர் பிழைத்தவன். அவனுக்கு அன்பு கதகதப்பாக இருக்கிறது. வெறுப்பு குளிராக இருக்கிறது. இதை யாரும் எனக்குப் பாடமாகச் சொல்லித்தரவில்லை. நான் இதை முழுதாகப் புரிந்துகொள்ளப் பத்து வருடம் ஆயிற்று.

1990-களின் தொடக்கத்தில் ஓர் ஆங்கில-தமிழ் அகராதிப் பணியில் பகுதி நேரமாக இருந்தேன். காலணிப் பெட்டிகளில் அட்டைகள். ஓர் அட்டைக்கு ஒரு சொற்பொருள். ‘சி’ முதலான சில எழுத்துகள் எனக்கு வந்தன. கோல்டில் மட்டும் இருபத்தொன்பது அட்டை. மேசையில் ஒரு பக்கம் ரோஜே என்ற ஆங்கிலேய மருத்துவர் 1852-ல் வெளியிட்ட தெசாரஸின் பிற்காலப் பதிப்பு. இன்னொரு பக்கம் வின்ஸ்லோவின் 1862 அகராதி, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்த லெக்சிகன். ஒருபொருட்சொற்களை வரிசை கட்டுவது நமக்குப் புதிதல்ல. திவாகரம், பிங்கலம் என்ற நிகண்டுகள் ரோஜேக்குப் பல நூற்றாண்டு முந்தியவை. பிள்ளைகள் மனப்பாடம் செய்தவை.

ரோஜே வழி வரிசை இப்படி ஓடும்: கோல்ட், கூல், சில்லி, ஃப்ரிஜிட், ஜெலிட், ஐசி, ஃப்ராஸ்டி, கிளேசியல், ப்ளீக். பார்க்க எல்லாம் ஒன்றுதான். ஆனால் கோல்ட், கூல், சில் மூன்றும் ஆங்கிலத்தின் வீட்டுச் சொற்கள். ஜெர்மானிய வழியில் வந்தவை. குழந்தையும் சொல்லும். ஃப்ரிஜிட், ஜெலிட், கிளேசியல் லத்தீன் வழி வந்தவை. ஃப்ரிகுஸ் என்றால் லத்தீனில் குளிர். அந்த வேரில்தான் ரெஃப்ரிஜிரேட்டரும் முளைத்தது. நம் வீட்டு ஃப்ரிட்ஜும் அதன் குட்டிதான். ஜெலிட்டின் வேரும் கோல்டின் வேரும் ஆதியில் ஒன்று. ஜெல்லி, ஜெலட்டின் எல்லாம் அந்தக் குடும்பம்: இறுகிப்போனவை. ஒரே வேர் ஒரு கிளையில் சளிபிடித்த குழந்தையிடமும் இன்னொரு கிளையில் பண்டிதரின் மேசையிலும் போய் நிற்கிறது.

தமிழிலும் அப்படித்தான். குளிர், தண், பனி, சில் என்பவை வாயில் பிறந்தவை. சீதம், சீதளம், இமம் என்பவை படித்து வந்தவை. ஜலதோஷத்துக்கு மருந்து எழுதும் சித்த வைத்தியர் சீதளம் என்பார். அதே நோயாளி வீட்டில் ‘குளிருது, போர்வை கொடு’ என்பார். தெற்கே இதே ஜலதோஷம் தடுமன், இலங்கையில் தடிமன். அகராதியில் இவை எல்லாம் ஒரே வரியில் காற்புள்ளிக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். அந்தக் காற்புள்ளியைத்தான் நான் நம்பாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். காற்புள்ளி, இரண்டு சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாம் என்று சொல்வதுபோல் தோன்றும். மாற்றிப் போட்டால் வாக்கியம் விழும்.

ஃப்ரிஜிட்டுக்கு அன்று நான் எழுதியது நான்கு அட்டை: கடுங்குளிரான; (உறவு, பேச்சு) இறுக்கமான, முகங்கொடுக்காத; (புவியியல்) குளிர் மண்டலத்துக்குரிய; (மருத்துவம்) பாலுணர்ச்சி அற்ற. அந்த நான்காவது அட்டை பின்னாளில் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

புவியியல் பொருள் எளிது என்று நினைத்திருந்தேன். அறுபத்தாறரைப் பாகைக்கு மேலே இரு துருவத்தையும் சுற்றிக் குளிர் மண்டலம். எல்லாப் பள்ளிப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் துருவப் பயணங்களைப் பற்றிய சிறுவர் நூல் ஒன்றை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். 1911 டிசம்பர் 14-ல் அமுன்ட்சன் தென்துருவத்தை அடைந்தார். ஐந்து வாரம் கழித்து, 1912 ஜனவரி 17-ல், ஸ்காட் போய்ச் சேர்ந்தார். அவர்கள் நடந்த பாதையில் ஆங்கிலம் ஸ்னோ, ஐஸ், ஃப்ராஸ்ட், மிஸ்ட், ஃபாக், டியூ என்று ஆறு சொல் வைத்திருந்தது. என்னிடம் பனி மட்டும் இருந்தது.

மார்கழியில் புல் நுனியில் நிற்பது பனி. விடியற்காலையில் பேருந்தை மறைப்பது பனி. இமயமலையில் கொட்டுவதும் பனி. ஆண்டின் ஆறு பருவத்தில் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயர் வைத்தவர்கள் நாம். ஆனால் அந்தப் பனி இலையில் சொட்டும் பனி. வெண்பனி, உறைபனி, பனிக்கட்டி, பனியாறு, மூடுபனி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டேன். சென்னையில் 1842-லேயே அமெரிக்க ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்கக் கடற்கரையில் ஒரு கட்டடம் கட்டினார்கள். விவேகானந்தர் 1897-ல் தங்கிய அந்த இடத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். பொருள் வந்தபோதே ஐஸ் என்ற சொல்லும் கூடவே இறங்கிவிட்டது. சிறுவர் நூலில் நான் ஐஸ் என்று எழுதவில்லை. மீன் சந்தையைப் பற்றி எழுதும்போது பனிக்கட்டி என்றும் எழுதமாட்டேன்.

உறைபனி என்ற சொல்லை நான் கண்ணால் பார்த்தது கோத்தகிரிக்குப் பக்கத்தில், ஒரு ஜனவரி காலையில். தேயிலைச் சாகுபடிக் கையேடு ஒன்றுக்காகப் போயிருந்தேன். பள்ளத்துப் புல்வெளி முழுக்கச் சுண்ணாம்பு தெளித்தாற்போல வெள்ளை. மிதித்தால் நொறுங்கியது. மேட்டில் இருந்த தேயிலைக்கு ஒன்றும் இல்லை. பள்ளத்துச் செடியின் கொழுந்து மட்டும் அடுப்பில் வாட்டியதுபோல் கருத்துச் சுருண்டிருந்தது. கனத்த குளிர்காற்று இரவில் சரிவில் இறங்கித் தாழ்வில் தேங்கிவிடும் என்று மேலாளர் விளக்கினார். கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் அந்தச் செடியைக் காட்டி, “பனி சுட்டுருச்சு சாமி” என்றார். கையேட்டின் ஆங்கிலத்தில் இரண்டு வரியாக இருந்தது அது. பனிச்சூடு என்று தலைப்பு வைத்து, பனியில் கருகல் என்று கீழே எழுதினேன். எந்த அகராதியிலும் எடுத்ததில்லை.

பனியைப் பற்றிப் பேசும்போது பனிப்போரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அணுகுண்டைப் பற்றி 1945-ல் எழுதிய கட்டுரையில் ஜார்ஜ் ஆர்வெல் கோல்ட் வார் என்று சொன்னார். 1947-ல் வால்டர் லிப்மன் அதையே ஒரு நூலின் தலைப்பாக்கினார். நேராகப் பெயர்த்தால் குளிர்ப்போர். குளிர்ப்போர் என்றால் தமிழன் போர் தணிந்துவிட்டது என்று நினைப்பான். பனிப்போர் என்று எழுதிய கைக்கு நான் கடமைப்பட்டவன். பனி சத்தமில்லாமல் இறங்கும். எதிரே நிற்பவனை மறைக்கும். இலங்கையில் கெடுபிடி யுத்தம் என்றும் எழுதுவார்கள். அதுவும் நல்ல சொல். இன்று கட்சிக்குள் இரண்டு கோஷ்டிக்கு நடுவிலும் பனிப்போர்தான். ஒரு மொழிபெயர்ப்பு வேர் பிடித்துவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

என் தொழிலில் நான் செய்த பெரிய பிழை 2004-ல். தடுப்பூசிப் பயிற்சிக் கையேடு. ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். ஃப்ரீஸ் ஆக விடக் கூடாது. ‘குளிர்ச்சியாக வைக்கவும். குளிரூட்டக் கூடாது’ என்று எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகும் முன் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர்களிடம் படித்துக் காட்டினோம். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

“சார், குளிர்ச்சியா வைன்னு சொல்றீங்க. குளிரூட்டாதேன்னும் சொல்றீங்க. நாங்க ஃப்ரிட்ஜைப் போடவா, வேண்டாமா?”

எனக்கு வியர்த்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் அவரே என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். ஆழ்உறை பெட்டியிலிருந்து நாலு ஐஸ் பேக்கை எடுத்து மேசையில் இடைவெளி விட்டு அடுக்கினார். மேலெல்லாம் வெள்ளைப் பூச்சு. தொட்டால் விரல் ஒட்டியது. அப்படியே பெட்டிக்குள் வைத்தால் அதை ஒட்டியிருக்கும் முத்தடுப்பு ஊசி மருந்தும் ரணஜன்னி ஊசி மருந்தும் உறைந்து வீணாகிவிடும் என்றார். காத்திருந்தோம். வெள்ளை மங்கியது, பேக் வியர்த்தது, மேசையில் நீர் தேங்கியது. ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். பிறகு என் காதருகே வைத்தார். உள்ளே கட்டி அசையும் சத்தம், தண்ணீர் தளும்பும் சத்தம். “இப்போ வைக்கலாம் சார்” என்றார்.

உறைந்து இளகிய குப்பி ஒன்றும் நல்ல குப்பி ஒன்றும் குலுக்கி வைத்துக் காட்டினார். நல்லது வெகுநேரம் பால்போலக் கலங்கியே இருந்தது. உறைந்தது சீக்கிரமே தெளிந்து, அடியில் துகள் துகளாகப் படிந்தது. போலியோ சொட்டு மருந்து அப்படியில்லை, அது உறைநிலையையும் தாங்கும் என்றார். உறைவதை அவர்கள் கட்டியாயிடுச்சு என்று சொன்னார்கள். ‘2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கவும். உறைந்து கட்டியாக விடக் கூடாது’ என்று அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். என் பழைய வரி அப்படியே அச்சாகியிருந்தால் எத்தனை குழந்தைகளுக்குப் பயனற்ற ஊசி போயிருக்கும் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு சில்லிடுகிறது.

இந்தச் சில்லிடுதலைக் கவனியுங்கள். அச்சத்திலும் சாவிலும் மட்டும் இரு மொழியின் குளிரும் ஒன்று. பயத்தில் ஆங்கிலேயனுக்கும் நமக்கும் உடல் சில்லிடும். பயம் தெளிந்தவனைப் பார்த்து, “உனக்குக் குளிர் விட்டுப்போச்சு” என்கிறோம். இந்த இடத்தில் நேர்ச்சொல்லைத் தயங்காமல் போடலாம்.

ஃப்ரிஜிட்டின் நான்காவது அட்டைக்கு வருகிறேன். அகராதி வெளிவந்து சில வருடம் கழித்து, ஒரு குடும்ப இதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதிக்கு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிக் கொடுத்தேன். அதில் மனைவியை ஃப்ரிஜிட் என்று சொன்ன கணவரின் கடிதம். என் அட்டையில் இருந்ததையே எடுத்து, ‘பாலுணர்ச்சி அற்றவள்’ என்று எழுதினேன். பகுதியைப் பார்த்துக்கொண்ட பெண் மருத்துவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “இது நோயின் பெயர் இல்லை, வசவு” என்றார். “வலி இருக்கலாம், பயம் இருக்கலாம், ஓய்வில்லாமல் இருக்கலாம், புருஷன் பேசவே மாட்டாராயிருக்கலாம். இத்தனையும் மறைத்து அவளைக் குளிர்ந்தவள் என்று முத்திரை குத்துகிறது இந்தச் சொல். மருத்துவர்களே இதைக் கைவிட்டு வருகிறோம்.” கடிதத்தில் கணவர் சொன்னது அவர் வாயிலேயே இருக்கட்டும், பதிலில் ‘உறவில் விருப்பக் குறைவு’ என்று போடச் சொன்னார். போட்டேன். அடுத்த பதிப்புக்கு, அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் ‘வழக்கொழிந்தது, இழிவாகக் கருதப்படுவது’ என்று குறிப்புச் சேர்த்துக் கொடுத்தேன். அகராதிக்காரனுக்கு இதுவும் வேலை. ஒரு சொல் என்ன பொருள் தருகிறது என்பதோடு, யாரைக் காயப்படுத்துகிறது என்பதையும் எழுத வேண்டும்.

நாவல் வேலைதான் எனக்குக் கடைசித் திறவுகோலைக் கொடுத்தது. ஓர் ஆங்கில நாவலில் ஒரு தகப்பன். அவனைக் கோல்ட் என்றும் ஃப்ரிஜிட் என்றும் கதை முழுக்கச் சொல்கிறாள் மகள். ‘இறுக்கமானவர்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘உணர்ச்சியற்றவர்’ என்று எழுதிப் பார்த்தேன். இரண்டும் கதைக்குள் நிற்கவில்லை. அப்போது எதிர்வீட்டு ஆச்சி யாரையோ பற்றி என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: “அவன் கெடக்கான், நெஞ்சுல ஈரமே இல்லாதவன்.” எழுந்து போய் எழுதிவைத்தேன். ஆங்கிலத்தில் குளிர்ந்துபோகும் மனிதன் தமிழில் காய்ந்துபோகிறான். அன்பு நமக்கு ஈரம். அது வற்றினால் வறட்சி. அந்த நாவலில் ஃப்ரிஜிட் வந்த பத்துப் பதினைந்து இடத்தையும் ஈரமற்ற, வறண்ட, பாராமுகமான, பட்டும்படாமல் என்று எழுதி முடித்தேன். குளிர் என்ற சொல்லை அந்தத் தகப்பனுக்கு ஓரிடத்தில்கூடப் போடவில்லை.

இன்று டெலிபிரிண்டரும் இல்லை, அட்டைப் பெட்டியும் இல்லை. கணினி முதலில் மொழிபெயர்த்துத் தருகிறது, நான் திருத்துகிறேன். சென்ற மாதம் ஒரு படத்தின் வசன வரியில், அமைச்சருக்குக் ‘குளிர்ந்த வரவேற்பு’ கொடுக்கப்பட்டது என்று வந்தது. 1985-ல் நான் எழுதிய அதே பிழை. ‘யாரும் முகங்கொடுக்கவில்லை’ என்று மாற்றினேன். என்னோடு வேலை செய்யும் பிள்ளைகள் கூலா இருங்க சார், சில் பண்ணுங்க சார் என்கிறார்கள்; அதில் எனக்குக் குறையில்லை. கூல் என்ற ஆங்கிலச் சொல் நல்ல பொருளுக்குத் திரும்பியதும் நம் பிள்ளைகள் வாயில் சுலபமாக ஒட்டிக்கொண்டது. பெட்டிக்கடையில் கூலிங்கா, நார்மலா என்று கேட்கிறார்களே, அதுவும் இப்போது தமிழ்தான்.

எனக்குக் கவலை வேறு. கூதல் என்ற சொல்லை என் பாட்டி தினமும் சொன்னார். கார்த்திகை மழை ஓய்ந்த ராத்திரியில் கூதலடிக்குது, கதவைச் சாத்து என்பார். ஊதக்காற்று என்பார் என் மாமா. வெடவெடப்பு வேறு, விறைப்பு வேறு, மரத்துப்போவது வேறு என்று அவர்களுக்குத் தெரியும். என்னோடு வேலை செய்யும் இளைஞர்கள் ஐந்து பேரில் கூதல் தெரிந்தவர் ஒருவர். மீதிப் பேருக்கு எல்லாமே குளிர், இல்லாவிட்டால் சில்.

நீலகிரியிலோ கொடைக்கானலிலோ வால்பாறையிலோ நுவரெலியாவிலோ இதைப் படிப்பவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் விடியற்காலைக் குளிரை என்னென்ன சொல்லால் சொல்கிறார்கள் என்று கேட்டு, எந்தக் குளிருக்கு எந்தச் சொல் என்பதையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். இந்த மார்கழியிலேயே தொடங்குங்கள்.